எங்கே ஒட்டியது, எங்கே உதைத்தது: கணினிப் பாதுகாப்பு வகுப்பில் உறவு உவமைகள்

கணவன்-மனைவி, காதலர்கள், கலியாணம் பேசப்படும் இருவர் என வளர்ந்தவர்களின் நெருக்கத்தை உவமையாக எடுத்துக் கணினிப் பாதுகாப்பைக் கற்பித்த ஒரு மாலை வகுப்பைப் பற்றிய ஆய்வு இது. இடம் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு கட்டடத்தின் மேல்மாடி. சில உவமைகள் அபாரமாக ஒட்டின. ஒன்று பாதி ஒட்டிப் பாதி உதைத்தது. ஒன்றினால் முறைப்பாடு வந்தது. வகுப்பை ஒழுங்கு செய்த குழுவில் ஒருவனாகப் பின்வரிசையில் இருந்து பார்த்ததை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் அடையாளத்தையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

முறைப்பாடு வந்த பிறகு எங்கள் குழுவில் நடந்த வாக்குவாதம் முழுவதும் நாகரிகத்தைப் பற்றியதாகவே இருந்தது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, யார் சொல்லலாம் என்று. எனக்கு அது பாதி விஷயமாகத்தான் பட்டது. முறைப்பாட்டுக்கு ஆளான உவமை தொழில்நுட்பக் கணக்கிலும் பிழையானது. இரண்டு பிழைக்கும் காரணம் ஒன்றேதான்.

வகுப்பும் ஆட்களும்

வந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. வங்கிக் கிளையில் வேலை செய்கிறவர்கள், புறக்கோட்டை மொத்தக் கடைகளில் கணக்குப் பார்க்கிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு மீண்டும் வேலைக்குப் போக நினைக்கும் அம்மாமார், ஓய்வு பெற்ற தொலைத்தொடர்பு ஊழியர் ஒருவர். வேலை முடிந்து, பஸ்ஸில் நெரிபட்டு, களைத்துப்போய் வருகிறவர்கள். தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். கையில் கிடைக்கும் குறிப்புகளோ முழுக்க ஆங்கிலம்.

முதல் பாதியை நடத்தியவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. எல்லோருக்கும் 'மிஸ்'. இரண்டாம் பாதிக்கு வந்தவர் இளம் பொறியியலாளர், 'சேர்'. சேருக்குத் தொழில் நன்றாகத் தெரியும். மிஸ்ஸுக்குத் தொழிலும் தெரியும், களைத்து வந்தவர்களை விழித்திருக்க வைக்கவும் தெரியும். மிஸ்ஸின் உவமைகள் எடுபட்டதைப் பார்த்துத்தான் சேரும் அதே வழியில் இறங்கினார்.

தலைவன், தலைவி, தோழி

செய்தியை மற்றவர்களுக்கு விளங்காதபடி மறைத்து அனுப்பும் மறைகுறியியல் பாடம் என்றாலே ஆலிஸ், பொப் என்று இருவர் வருவார்கள். ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் 1978 இல் பொதுத் திறப்பு முறை (பூட்டும் திறப்பு எல்லோருக்கும் தெரியும், திறக்கும் திறப்பு மட்டும் இரகசியம்) பற்றி வெளியிட்ட கட்டுரையில் வந்து பிரபலமானவர்கள் அவர்கள். ஒட்டுக்கேட்கும் ஈவ் பிறகு வந்து சேர்ந்தாள். ஆனால் இந்த ஆலிசும் பொப்பும் என்ன உறவு, எதற்காக இரகசியம் கதைக்கிறார்கள் என்று எந்த ஸ்லைடும் சொல்வதில்லை. வகுப்பில் ஒரு அம்மா கேட்டேவிட்டார்: "மிஸ், இவை ரெண்டு பேரும் ஆர்?"

அடுத்த வகுப்பில் மிஸ் ஆலிசையும் பொப்பையும் எடுத்துவிட்டு, தலைவன், தலைவி, தோழி, அலர் தூற்றும் ஊர் என்று நாலு பாத்திரங்களை வைத்தார். சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் படித்தது எல்லோருக்கும் மங்கலாகவாவது நினைவிருந்தது. அகத்திணையில் காதலர்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. அந்த விதி இங்கே நல்ல உதவி செய்தது. பெயர் இல்லாத தலைவியைப் பற்றிப் பேசும்போது வகுப்பில் இருக்கும் யாரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைக்க இடமில்லை. தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்பது எடுத்த எடுப்பிலேயே தெரிவதால், இரகசியம் ஏன் வேண்டும் என்ற கேள்வியும் முடிந்துபோகிறது.

பிறகு வங்கியில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: "சரி, தோழியை நம்பலாமா?" சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களைப் பற்றிய பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. உங்கள் உலாவி, தான் நம்பும் தோழிமாரின் பட்டியல் ஒன்றோடுதான் வருகிறது. 'இது உண்மையாக அந்த வங்கியின் தளம்தான்' என்று அவர்கள் சொன்னால் உலாவி நம்பிவிடும். 2011 இல் டிஜிநோட்டார் என்ற டச்சு நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் இருந்த பாவனையாளர்களை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. உலாவிகள் அந்தத் தோழியைப் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டில் நிறுவனம் வங்குரோத்தானது. இந்த உவமை எங்கே நிற்கும் என்பதையும் மிஸ் சொன்னார்: இலக்கியத்தில் தோழி தூது போவாள், செய்தியைக் கேட்பாள். சான்றிதழ் தருபவர் ஆள் யார் என்று மட்டும் சாட்சி சொல்வார், செய்தி அவர் கை வழியாகப் போவதில்லை.

ஊடலும் டெட்லொக்கும்

பாதி ஒட்டிய உவமை இது. தரவுத்தளத்தில் இரண்டு வேலைகள் ஒன்றையொன்று காத்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடுவதைத்தான் டெட்லொக் என்கிறார்கள். மிஸ் அதை ஊடலாகச் சொன்னார். மோட்டார் சைக்கிள் திறப்பு அவரிடம், வங்கி அட்டை அவளிடம். வெளியே போக இரண்டும் வேண்டும். இருவருக்கும் கோபம். "நீ முதல் தா" என்று அவர் இருக்கிறார், "நீங்கள் முதல் தாங்கோ" என்று அவள் இருக்கிறாள். வகுப்பு சிரித்தது. கலியாணமானவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள்.

1971 இல் கொஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் எழுதிய கட்டுரையில் டெட்லொக் வர நாலு நிபந்தனைகள் சொல்லப்பட்டன. ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்கலாம். ஒன்றைப் பிடித்தபடி இன்னொன்றுக்குக் காத்திருக்கிறார்கள். கையிலிருப்பதைப் பறிக்க முடியாது. காத்திருப்பு வட்டமாகச் சுற்றுகிறது. நாலும் அந்த வீட்டுக்குள் அழகாக இருந்தன. நாலில் ஒன்றை உடைத்தால் போதும் என்பதையும் வகுப்பு உடனே பிடித்துக்கொண்டது.

பயிற்சி விடைகளைப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. இரண்டு பணப்பரிமாற்றங்கள், ஒன்று அ கணக்கிலிருந்து ஆ கணக்குக்கு, மற்றது ஆ விலிருந்து அ வுக்கு. இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. காரணம் என்ன என்பது கேள்வி. பலர் 'முதல் பரிமாற்றம் விட்டுக்கொடுக்கவில்லை', 'இரண்டாவது பிடிவாதமாக நிற்கிறது' என்று எழுதியிருந்தார்கள். ஊடலில் யாருக்கோ ஒரு கோபம் இருக்கிறது; இயந்திரத்தில் அது இல்லை. உவமையோடு சேர்ந்து பழியும் உள்ளே வந்துவிட்டது. உண்மையில் இரண்டு பரிமாற்றங்களும் சரியானவை. கணக்குகளைப் பூட்டிய, அதாவது தன் வேலை முடியும் வரை மற்றது தொடாதபடி பிடித்துக்கொண்ட, ஒழுங்குதான் வேறு வேறு. இரண்டுமே சிறிய கணக்கிலக்கத்தை முதலில் பூட்ட வேண்டும் என்று விதி வைத்தால் இந்த முட்டு வராது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி இப்படி வட்டமாகப் பூட்டு விழுந்ததைக் கண்டால், குறைவான வரிகளை மாற்றிய பரிமாற்றத்தைத் தேர்ந்து பின்வாங்க வைக்கும். யார் குற்றவாளி என்று அது பார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற ஐயா இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பிழை ஆக்களில இல்லை, ஒழுங்கிலதான்" என்றார். அந்த வசனம் அப்படியே பாடக் குறிப்பில் ஏறியது.

இதில் அநாகரிகம் ஒரு துளியும் இல்லை, ஆனாலும் உதைத்தது. நாகரிகமாக இருந்தால் போதும் என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சபை நடுவே ஒரு இரகசியம்

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. ஹோலில் மாமி, அறையில் பிள்ளைகள். அப்படி ஒரு வீட்டில் கணவன் மனைவியிடம் "பழைய கடைக்கு ஒருக்காப் போவமா?" என்று கேட்கிறார். மற்றவர்களுக்கு அது கடை. அந்த இருவருக்கும் வேறு ஏதோ. அது என்ன என்று மிஸ் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. இங்கே பாடத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: இருவருக்கும் முன்பே பொதுவான ஒரு நினைவு இருக்கிறது, மற்றவர்களிடம் அது இல்லை. முன்கூட்டியே பகிர்ந்த திறப்பு என்பது அதுதான்.

அதன் பிறகு கேட்டார்: "இந்த ரெண்டு பேரும் இண்டைக்குத்தான் முதன்முதல் சந்திக்கினம். பொம்பிளை பார்க்க வந்த வீடு. சபை முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கு. சத்தமாக் கதைச்சே ஒரு இரகசியத்தை உண்டாக்க ஏலுமா?" ஏலாது என்றார்கள் எல்லோரும்.

உவமையை அங்கேயே விட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போனது மிஸ்ஸின் கெட்டித்தனம். டிஃபியும் ஹெல்மனும் 1976 இல் வெளியிட்ட வழியைச் சின்ன எண்களில் செய்து காட்டினார். 11, 2 என்ற இரண்டு எண்களும் சபைக்கே தெரியும். அவர் மனதுக்குள் 3 ஐ எடுக்கிறார். இரண்டின் மூன்றாம் அடுக்கு 8. அதைச் சத்தமாகச் சொல்கிறார். அவள் மனதுக்குள் 4 ஐ எடுக்கிறாள். இரண்டின் நாலாம் அடுக்கு 16, பதினொன்றால் வகுத்தால் மீதி 5. அவளும் சத்தமாகச் சொல்கிறாள். இப்போது அவர் 5 ஐத் தன் எண்ணான 3 இன் அடுக்குக்கு உயர்த்துகிறார்: 125, மீதி 4. அவள் 8 ஐ 4 இன் அடுக்குக்கு: 4096, மீதி 4. இருவர் கையிலும் 4. சபை கேட்டது 11, 2, 8, 5 மட்டும்.

இந்த அளவு சின்ன எண்களில் சபையில் ஒரு கெட்டிக்காரப் பெரியப்பா இருந்தால் கண்டுபிடித்துவிடுவார். நிஜத்தில் பாவிக்கும் 2048 பிட் எண்கள் அறுநூறு இலக்கங்களைத் தாண்டும். வாழ்க்கையில் எந்தச் சோடியாலும் செய்ய முடியாத ஒன்றைக் கணிதம் செய்கிறது என்ற வியப்பு வகுப்பின் முகத்தில் தெரிந்தது. அந்த வியப்பு வருவதற்கு முதலில் 'ஏலாது' என்று அவர்களே சொல்ல வேண்டியிருந்தது. பொம்பிளை பார்க்கிற சபை அதற்குத்தான் தேவைப்பட்டது.

ஐந்து தாள்கள்

ஆளுக்கொரு இரகசியம் வைத்திருப்பவர்கள், அதைக் காட்டாமலே, எல்லா இரகசியங்களிலிருந்தும் வரும் ஒரே ஒரு விடையை மட்டும் சேர்ந்து அறிவதற்கு வழி உண்டா? 1982 இல் அன்ட்ரூ யாவோ இதை இரண்டு கோடீஸ்வரர்களின் கதையாக வைத்தார்: சொத்து விபரம் சொல்லாமல் யார் பெரிய பணக்காரர் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் கோடீஸ்வரர் கதை எடுபடவில்லை. மாத முடிவில் யாரிடம் குறைவாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் எடுபட்டிருக்கும்.

கலியாணப் பேச்சு எடுபட்டது. இருவர் சந்தித்துக் கதைத்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் 'ஓம்' அல்லது 'இல்லை'. இரண்டும் ஓம் என்றால் இருவருக்கும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால், ஒருதலையாக ஓம் சொன்னவரின் மனது மற்றவருக்குத் தெரியக் கூடாது. இன்று இதைச் செய்பவர் நடுவில் நிற்கும் தரகர், அல்லது ஒரு மாமா. இரண்டு பக்கமும் கேட்டு முடிவை மட்டும் சொல்வார் என்பது எதிர்பார்ப்பு. முடிவுக்கு முன்பே மாமிக்குத் தெரிந்துவிடும் என்பது அனுபவம்.

மாமா இல்லாமல் செய்யும் வழியை பெர்ட் டென் புவர் 1989 இல் காட்டினார். மூன்று சிவப்புத் தாள், இரண்டு கறுப்புத் தாள். ஆளுக்கு ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும். மீதி இருக்கும் சிவப்பு நடுவில். ஓம் என்றால் உங்கள் சிவப்பை நடுத்தாளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், கறுப்பை வெளியே. இல்லை என்றால் கறுப்பு உள்ளே, சிவப்பு வெளியே. எல்லாமே கவிழ்த்தபடி. பிறகு ஐந்தையும் ஒன்றாக எடுத்து, ஒழுங்கு குலையாமல், மேலிருந்து கொஞ்சத்தைக் கீழே வைத்து வெட்டுவது. ஒருவர் வெட்ட, மற்றவரும் வெட்டுவார். கடைசியில் வட்டமாக அடுக்கித் திறப்பார்கள்.

இருவரும் ஓம் என்றால் மூன்று சிவப்பும் சேர்ந்து நிற்கும். மற்ற மூன்று நிலைகளிலும், அவர் மட்டும் ஓம், அவள் மட்டும் ஓம், இருவரும் இல்லை என எதுவாக இருந்தாலும், வட்டத்தில் ஒரே வடிவம்தான் வரும்: இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. எங்கே தொடங்கியது என்பது வெட்டில் தொலைந்துவிட்டது. இல்லை சொன்னவரால் மற்றவரின் மனதை அறியவே முடியாது. நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு தாளில் நாலு நிலையையும் எழுதிச் சுற்றிப் பார்க்கலாம். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

இதை ஆட்களை வைத்துச் செய்து பார்க்கும்போது மிஸ் ஒரு காரியம் செய்தார். கலியாணம் கதையோடு நின்றது. சோடியாக இருந்து தாள் வைத்தவர்கள் விடை சொன்ன கேள்வி 'வகுப்பு முடிய தேத்தண்ணி குடிக்கப் போவமா?' என்பதுதான். நெருக்கம் உவமைக்குள் இருந்தது, வாங்குகளுக்கு இடையில் வரவில்லை. அடுத்த முறை வேறு யாராவது இந்தப் பாடத்தை எடுத்தால் முதலில் தவறவிடப் போவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தாள்கள் பிரிஸ்டல் போர்ட்டில் வெட்டியவை. சாதாரண சீட்டுக்கட்டு சரிவராது, ஏனென்றால் சிவப்புத் தாள்கள் மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வித்தியாசம் தெரியாதவையாக இருக்க வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே ஒரு இளைஞர் சிரித்தார். ஒரு கறுப்புத் தாளின் ஓரம் கத்தரியில் கோணலாகப் போயிருந்தது. கவிழ்த்திருக்கும்போதே அவருக்கு அது எதுவென்று தெரிந்தது. கணக்கு சரி, கடதாசி காட்டிக்கொடுத்தது. பக்கவழித் தாக்குதல் என்ற பாடம் அட்டவணைப்படி பின்னால் வர வேண்டியது, அன்றே நடந்து முடிந்தது.

ஒருவர் விடாமல் கேட்டார்: நான் ஓம் வைத்து, முடிவு இல்லை என்று வந்தால், மற்றவர் இல்லை சொன்னது எனக்குத் தெரிந்துவிடுமே? தெரியும். முடிவே அதைச் சொல்லிவிடுகிறது, எந்தச் செய்முறையாலும் மறைக்க முடியாது. மற்றவரின் மனதை அறிவதற்காகவே ஒருவர் பொய்யாக ஓம் வைத்தால்? அதையும் இது தடுக்காது. உள்ளே போடுவது உண்மையா என்பது அதன் பொறுப்பு இல்லை.

இதே பகுதியில் கேல், ஷாப்லி இருவரும் 1962 இல் எழுதிய 'நிலையான திருமணம்' என்ற கணக்கும் சுருக்கமாக வந்தது. ஒரு தரப்பு கேட்டுக்கொண்டே போக, மறு தரப்பு நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விட, கடைசியில், தங்கள் சோடியை விட்டு ஒருவரோடொருவர் ஓடிப்போக இருவருமே விரும்பும் நிலை எங்கும் இல்லாத சோடிகள் கிடைக்கும். ஆனால் கேட்கும் தரப்புக்குத்தான் கிடைக்கக்கூடியதில் சிறந்தது. கேட்கப்படும் தரப்புக்கு நிலையான ஏற்பாடுகளுக்குள் மிகக் குறைந்தது. ஷாப்லிக்கு 2012 இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததைவிட இந்தச் செய்திதான் வகுப்பைச் சூடாக்கியது. மாப்பிள்ளை வீடு கேட்க வேண்டுமா, பெண் வீடு கேட்க வேண்டுமா என்று கீழே பஸ் தரிப்பிடம் வரைக்கும் விவாதம் போனது.

முறைப்பாடு

ஓடிட் லொக் பாடத்தை எடுத்தவர் சேர். யார், எப்போது, எதைத் திறந்தார், எதை மாற்றினார் என்று கணினி எழுதி வைக்கும் பதிவேடு அது. சேர் சொன்ன உவமை: மனைவி குளிக்கப் போயிருக்கும்போது கணவன் அவளுடைய போனை எடுத்துப் பார்க்கிறான். யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். ஒன்றுமே மறைக்க முடியாது. அதுதான் ஓடிட் லொக்.

முன்வரிசையில் சிரிப்பு. மறுநாள் ஒருங்கிணைப்பாளருக்கு வட்ஸ்அப்பில் ஒரு மாணவி எழுதினார். "சேர் அசிங்கமா ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அந்த உதாரணத்தில நான் எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியும்." வேறு விபரம் எழுதவில்லை, கேட்கவும் தேவையில்லை.

குழுக் கூட்டத்தில் ஒரு பக்கம், 'ஆம்பிளை சொன்னதால்தான் பிரச்சினை, மிஸ் சொல்லியிருந்தால் போயிருக்கும்' என்றது. இன்னொரு பக்கம், 'உறவு உவமையே வேண்டாம், ஆலிசும் பொப்பும் போதும்' என்றது. சொல்பவர் யார் என்பது முக்கியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஊடல் கதையை மிஸ் சொன்னபோது இருந்த இலகு, சேர் சொல்லியிருந்தால் இருந்திருக்காது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 திருத்தத்துக்குப் பிறகு, சொற்களால் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. மேசைக்கு முன்னால் நின்று பேசுகிறவர் அதை மனதில் வைத்திருப்பது நல்லது. ஆனால் இந்த உவமையில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. மிஸ் சொல்லியிருந்தாலும் இது உதைத்திருக்கும்.

பயிற்சி விடைகளில் அதற்கு ஆதாரம் இருந்தது. 'பதிவேடு வைத்திருப்பதைப் பாவனையாளர்களுக்கு அறிவிக்க வேண்டுமா?' என்ற கேள்விக்குப் பலர் 'கூடாது, தெரிந்தால் கவனமாகிவிடுவார்கள்' என்று எழுதினார்கள். 'நிர்வாகியின் செயல்களும் பதிவாக வேண்டுமா?' என்பதற்கு 'தேவையில்லை, அவர்தானே பார்க்கிறவர்.' கற்றுக்கொடுத்த உவமைப்படி இரண்டும் சரியான விடை. பாடத்தின்படி இரண்டும் பிழை. நல்ல பதிவேட்டில் எல்லோரும் எழுதப்படுவார்கள், நிர்வாகிதான் முதலில். எழுதியதை நிர்வாகியே அழிக்க முடியாதபடி வேறு இடத்தில் வைக்க வேண்டும். பதிவு நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போனை ஒளித்துப் பார்க்கும் கணவனோ எழுதப்படுவதில்லை. பார்த்ததற்குத் தடயம் இல்லை, வேண்டுமானால் செய்தியை அழித்தும் விடலாம். பதிவேடு எதைத் தடுக்க வந்ததோ அதையே பதிவேடு என்று சொல்லிக்கொடுத்தாயிற்று. 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமில்லாமல் கணினிக்குள் நுழைவதைக் குற்றம் என்கிறது. கணவன் என்றால் பரவாயில்லை என்று அதில் எழுதியில்லை.

ஒட்டிய உவமைகளைத் திரும்பப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். தாள் வைக்கும் இருவருக்கும் ஒரே விதி, ஒரே அளவு அறிவு. சபை நடுவே எண் சொல்லும் இருவரும் அப்படியே. ஆளை மாற்றி வைத்தாலும் கதை நிற்கும். சேரின் உவமையில் ஆளை மாற்ற முடியாது. பார்க்கிறவர் ஒருவர், பார்க்கப்படுகிறவர் இன்னொருவர். அந்த மாணவியை உறுத்தியதும், விடைகளைப் பிழையாக்கியதும் அதே சாய்வுதான். பாதுகாப்புப் பாடம் பெரும்பாலும் 'மற்றவர் நம்பகமானவராக இல்லாவிட்டால் என்ன ஆகும்' என்ற கேள்வி. ஒரு பக்கத்துக்குச் சாய்ந்த உவமை அந்தக் கேள்வியைப் பாதி ஆட்களைப் பற்றி மட்டும்தான் கேட்கும்.

உறவு உவமையே வேண்டாம் என்றவர்கள் கூட்டத்தில் லெனா படத்தை எடுத்துக் காட்டினார்கள். 1972 நவம்பர் பிளேபோய் இதழில் வந்த ஒரு மொடலின் படத்தை, 1973 இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தோளுக்கு மேல் மட்டும் வெட்டி ஸ்கேன் செய்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் பட முறைவழியாக்கக் கட்டுரைகளில், அதாவது கணினியில் படங்களைக் கையாளும் வழிகளைப் பற்றிய கட்டுரைகளில், அதுதான் சோதனைப் படம். 2024 ஏப்ரல் 1 முதல், பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ இன் கணினிச் சங்கம் அந்தப் படத்தோடு வரும் கட்டுரைகளை ஏற்பதில்லை. நல்ல உதாரணம்தான், ஆனால் அது அவர்களின் வாதத்துக்கு உதவவில்லை. லெனா படம் எதற்கும் உவமை இல்லை. தொப்பியின் இறகும் தோலின் மென்மையும் சோதிக்க வசதியாக இருந்தன என்பார்கள். அதே வசதியுள்ள வேறு படம் கிடைக்காமல் போயிருக்காது. அங்கே நெருக்கம் எதையும் விளக்கவில்லை. விளக்கும் இடத்தையும் விளக்காத இடத்தையும் ஒன்றாகத் தடை செய்தால் ஐந்து தாள்களையும் சேர்த்துத்தான் எறிய வேண்டும்.

அதன் பிறகு

சேர் அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அந்த உவமையைத் திரும்பப் பெற்றார். அது பிழையான உவமை என்று சொல்லி, ஏன் என்பதையும் பயிற்சி விடைகளை வைத்தே விளக்கினார். மாணவியின் பேச்சு எழவில்லை. மாற்று உவமையையும் அவரே கொண்டுவந்தார்: கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு. யார் எடுத்தாலும் எழுதப்படும், இருவரும் பார்க்கலாம், ஒருவரும் அழிக்க முடியாது, ஏட்டை வைத்திருப்பது மூன்றாவது இடம். வங்கி அக்கா ஒருவர் எழுந்து, வங்கிக்குள் இருப்பவர்களின் செயலும் பதிவாகும் என்று சேர்த்துக்கொண்டார். இரண்டாம் முறை அதே கேள்விகளைக் கொடுத்தபோது நிர்வாகி பற்றிய விடை பெரும்பாலும் சரியாக வந்தது.

முறைப்பாடு செய்தவர் வகுப்பை விட்டுப் போகவில்லை. ஒரு செயலிக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் குறிப்பிட்ட அனுமதியை மட்டும் கொடுக்கும் ஓஅவுத் பாடத்தில், கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுத்தால் அந்த நொடியே செல்லாமல் போகுமா என்று கேட்டார். அது அமைப்பைப் பொறுத்தது. சேர்வர் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்கும் வகை என்றால் உடனே நிற்கும். செயலிக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டான டோக்கனே தன் செல்லுபடியைத் தன்னுள் வைத்திருக்கும் வகை என்றால், அதன் காலம் முடியும் வரை வேலை செய்யக்கூடும். அதனால்தான் அவற்றுக்குக் குறுகிய ஆயுள் வைக்கிறார்கள். இதற்கு உவமை எதுவும் தேவைப்படவில்லை. எல்லோரும் தங்கள் போனை எடுத்து, வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும், கூகுள் கணக்கில் எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். தெரியாத சாதனம் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். சிலர் வெளியேற்றினார்கள்.

ஐந்து தாள்களை இனி அச்சகத்தில் கொடுத்து வெட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. ஊடல் உவமை இருக்கும், ஆனால் பூட்டும் ஒழுங்கு பற்றிய பயிற்சி அதற்கு முன்னால் வரும். நிலையான திருமணக் கணக்கை அடுத்த பிரிவில் மிஸ் எடுப்பதா, சேர் எடுப்பதா என்பதில்தான் குழு இன்னும் இரண்டாக நிற்கிறது.